அமரலாம், பேசலாம்

ஜனவரி 12

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்திக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது வீட்டுத் தூசியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழுகிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று சித்தி சொன்னதால் எழுதுகிறேன்.

நம் மண்டல டென்னிஸ் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தில், தலைவர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது வந்து சேர்ந்தது. அண்ணன் மகள் என்று போட்டீர்களோ, வேறு யாரும் இந்த வேலைக்குத் தலை நீட்டவில்லை என்று போட்டீர்களோ, நன்றி. பொறுப்பேற்ற வாரமே மூன்றாம் நம்பர் கோர்ட்டின் வலைக் கம்பம் சாய்ந்தது. இரண்டு கிளப்புகள் ஒரே தேதிக்கு அடித்துக்கொண்டன. அம்பயர் ஒருவர் உயரமான நாற்காலியில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஆக, வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது.

வருகிற ஜூலையில் சங்கத்துக்கு ஐம்பது வயது. விழா மலர் போட வேண்டும் என்று செயற்குழு சொல்கிறது. அச்சடிப்பது என் அச்சகம்தான். சங்கம் பிறந்து வளர்ந்த கதையை உங்களைவிட்டால் சொல்ல ஆள் இல்லை. எழுதி அனுப்புங்கள். இன்னொன்று, இத்தனை காலம் சங்கத்தைச் சுமந்த உங்களுக்கு விழாவில் பெரிய மரியாதை ஒன்று செய்ய ஆசை. என்னவென்று பிறகு எழுதுகிறேன். உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அப்பாவின் ஆத்மா என்னை மன்னிக்காது.

சித்திக்கு என் அன்பு. குளிரில் வெளியே நடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
கௌரவச் செயலாளர், மண்டல டென்னிஸ் சங்கம்

*

ஜனவரி 27

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்கால் இருக்கிறது, நான் நடக்கிறேன், இரண்டும் ஒன்றையொன்று கலந்துகொள்வதில்லை. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காது மட்டும் ஊர் வம்பு கேட்கிற அளவுக்குப் பிழைத்துக் கிடக்கிறது. உன் அம்மாவைக் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்.

கதை கேட்டாய், சொல்கிறேன். அந்த இடம் அப்போது ஊர்க் குப்பை கொட்டும் பள்ளம். உடைந்த செங்கலை இடித்துச் சலித்துப் பரப்பி, ரோலர் வாங்க வழியில்லாமல் ஒரு தார் டின்னில் கல்லை அடைத்து உருட்டினோம். முதல் போட்டிக்கு வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்த மாடுகள் அதிகம். மாநிலச் சங்கம் நம்மை ஒரு சங்கமாகவே மதிக்கவில்லை. நான் அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்தேன். காவலாளி மாறி மாறி வந்தான், நான் மாறவில்லை. கடைசியில் அங்கீகாரக் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

உன் அப்பாவும் கூட இருந்தார். விதிப் புத்தகம் அவர் எழுதியது. எழுதுவதில் அண்ணனுக்கு ஆசை அதிகம். அவர் போட்டது நான்கு கோர்ட். மற்றது அத்தனையும் நான் போட்டேன். காலரி நான், விளக்கு நான், பெண்களுக்குத் தனி அறை நான். இதையெல்லாம் மலரில் யாரும் மறந்துவிடக் கூடாது.

மரியாதை என்று ஏதோ எழுதியிருக்கிறாய். வயதானவனுக்கு மரியாதை எதற்கு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மனம் வரவில்லை. செய்.

கடிதத்தாள் உன் அச்சகத்தில் அடித்ததா? எடுப்பாக இருக்கிறது. எனக்கு எதை எழுதினாலும் இதே தாளில் எழுது. கோப்பில் வைக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
சித்தப்பா

*

பிப்ரவரி 9

என் செல்லத் தங்கைக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, உன் வீட்டுக்காரர் இருமல் நின்றதா? நான் நலமாக இருக்கிறேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உண்மையிலேயே நலமாக இருக்கிறேன். காரணம் சொல்கிறேன், போனில் சொன்னால் நீ பாதியில் பயந்து வைத்துவிடுவாய்.

சித்தப்பாவின் கடிதம் வந்தது. "உன் அப்பாவும் கூட இருந்தார்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் மையை மாற்றப் போட்டிருந்த கையுறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரும் கூட இருந்தார் என்பது மாதிரி அல்லவா இருக்கிறது!

அப்பா சங்கத்தை விட்ட அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது, நீ ஆட்டத்தில் இருந்தாய். நான் கூட்டத்தில் பின் வரிசையில் இருந்தேன். அதற்கு முந்தைய கூட்டத்தில் அப்பாவைக் கௌரவத் தலைவர் என்று அறிவித்து, கைதட்டி, ஒரு மேசைக் கடிகாரம் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் சித்தப்பா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கிளப் உறுப்பினர்கள் மட்டுமே இனி போட்டியில் ஆடலாம். மட்டை வைத்திருக்கிற யாரும் ஆடலாம் என்பது அப்பா உயிரைக் கொடுத்து வைத்த வழக்கம். எதிர்த்து வாக்களிக்கக் கையைத் தூக்கினார். சித்தப்பா எழுந்தார்.

"அண்ணே, மன்னிக்கணும். பதினோராம் விதி. உங்களுக்கு ஓட்டு இல்ல."

அந்த விதி இதுதான்: 'கௌரவ என்னும் அடைமொழி கொண்ட எப்பதவியில் இருப்பவரும் கூட்டத்தில் அமரலாம், பேசலாம், வாக்களிக்க இயலாது.' எழுதியவர் யார்? அப்பாவேதான். பெரிய மனிதர்களை முன் வரிசையில் உட்காரவைக்க வேண்டும், ஆட்டத்தில் மட்டும் கை வைக்க விடக் கூடாது என்பதற்காக எழுதினார். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாதிரி அவரே அதில் மாட்டிக்கொண்டார். தூக்கிய கையை மெதுவாக இறக்கி, சட்டைப் பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு, வெளியே போனார். கிளப்பையும் விட்டார், நம் குடும்பத்தின் உறுப்பினர் அட்டையும் அதோடு போயிற்று. அந்த வருஷம் உன் விண்ணப்பம் திரும்பி வந்ததே, மண்டலத்துப் பெண்களில் உன்னை ஜெயிக்க ஆளில்லாத வருஷம், அது அதனால்தான். அதன்பிறகு அப்பா மட்டையைத் தொடவில்லை. சாகும்வரை டென்னிஸ் என்ற சொல் நம் வீட்டில் வரவில்லை.

இப்போது சித்தப்பா மைய ஆடுகளத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். எனக்கு அங்கே அப்பா பெயர் வேண்டும். செயற்குழுவில் எங்கள் பக்கம் என்னோடு ஆறு பேர், அவர் பக்கம் அவரோடு ஆறு பேர். நடுவில் துணைத்தலைவர் பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், கூட்டத்தில் தன் வாயைத் திறக்கவே மாட்டார். பெரிய நாற்காலி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்வார்.

அதனால் பெரிய நாற்காலியைக் காலி செய்யப் போகிறேன். சித்தப்பாவைக் கௌரவத் தலைவர் ஆக்குகிறேன். கைதட்டி, கண் கலங்கவைத்து, அதே கடிகாரத்தைக் கையில் கொடுக்கிறேன். ஆமாம், பெட்டியைப் பிரிக்காமல் அப்பா பரண்மேல் போட்டது அப்படியே இருக்கிறது. பின்னால் 'எங்கள் கௌரவத் தலைவருக்கு' என்று மட்டும் பொறித்திருக்கிறது. பெயர் போடாமல் மிச்சம் பிடித்தார்களே, அது எனக்கு உதவட்டும். பிறகு அவர் கையைத் தூக்குவார். நான் எழுந்திருப்பேன்.

யாரிடமும் சொல்லாதே. வெந்நீர் குடி.

உன் அக்கா
கௌரவச் செயலாளர், மண்டல டென்னிஸ் சங்கம்

*

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

இவருக்கு இருமல் நின்றது, எனக்குப் பிடித்துக்கொண்டது. இங்கே பனியில் வழுக்கி விழுந்தவர்களால் எங்கள் எலும்பு முறிவு வார்டு நிரம்பி வழிகிறது. நாள் பூராவும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் படித்த அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. அப்பா இறக்கிய கைதான் கண்ணில் நின்றது.

விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும் அக்கா. அப்பா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செய். என் பங்குக்கும் சேர்த்துச் செய்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சித்தப்பாவுக்குக் கோர்ட்டில் என்ன பட்டப்பெயர்? சுவர். ஓங்கி அடித்தாலும், தட்டிவிட்டாலும், மூலைக்குத் தள்ளினாலும் பந்து திரும்பி வரும். அவரிடம் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவராகவும் ஒரு பந்தை வேகமாக அடித்ததில்லை. நாம் தப்புப் பண்ணுகிறவரைக்கும் காத்திருப்பார்.

அப்புறம், எனக்கு எழுதும் கடிதத்திலும் 'கௌரவச் செயலாளர்' என்று கையெழுத்தா? தங்கைக்கு அக்கா போதும்டி அம்மா. அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காதே.

உன் தங்கை

*

மார்ச் 14

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

வெயில் தொடங்கிவிட்டது, உங்கள் முழங்காலுக்கு நல்ல காலம். நீங்கள் அனுப்பிய வரலாற்றை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அச்சுக் கோத்துவிட்டேன். மாடுகளையும் சேர்த்துத்தான்.

சொன்னபடி யோசித்துவிட்டேன். ஜூலையில் கூடும் செயற்குழுவில் முதல் தீர்மானமாக உங்களைச் சங்கத்தின் கௌரவத் தலைவர் என்று அறிவிக்க விரும்புகிறோம். சங்கத்தின் வரலாற்றில் இதற்கு முன் ஒரே ஒருவருக்குத்தான் அந்தப் பெருமை கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கே அது மறுபடி வருவதில் எனக்குள்ள சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் சம்மதத்தை இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும்.

சித்திக்கு அன்பு. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
கௌரவச் செயலாளர், மண்டல டென்னிஸ் சங்கம்

*

மே 6

அன்புத் தங்கைக்கு,

நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்குத்தான் தூக்கமில்லை. சித்தப்பாவிடமிருந்து ஒரு வரி இல்லை. மார்ச்சில் எழுதினேன், ஏப்ரலில் இரண்டு தடவை நினைவூட்டினேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல எழுதினேன் என்று நினைத்தேன், ஊசி வெளியே தெரிந்துவிட்டதோ?

இதற்கிடையே கோடைப் போட்டி வேறு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடுகிறார்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் வலைக்கு வெளியே நின்று சண்டை போடுகிறார்கள். ஒரு வக்கீல், கோட்டில் விழுந்த பந்துக்கு என்னிடம் இடைக்காலத் தடை கேட்டார். சிரிக்கக்கூட முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்தைக் கேலி செய்தாயே, அது தொழில் ரகசியம். கடிதத்தாளில் மேல் வரி 'மண்டல டென்னிஸ் சங்கம்' என்று அகலமாக நிற்கிறது. கீழே வெறும் 'செயலாளர்' என்று கோத்தால் மொட்டையாக இருந்தது. அச்சுக்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சம்பளமில்லாத வேலை, கௌரவமாவது இருக்கட்டும் என்று சேர்த்தேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது கையும் பழகிவிட்டது.

அம்மா உன்னைக் கேட்டாள். எழுது.

உன் அக்கா
கௌரவச் செயலாளர் (சிரிக்காதே)

*

மே 25

அன்புள்ள பெரியவளுக்கு,

எல்லாரும் சுகமா? தாமதத்துக்கு மன்னிக்க வேண்டாம், யோசித்துக்கொண்டிருந்தேன்.

கௌரவத் தலைவர் பதவியை ஏற்றுக்கொள்கிறேன். மனப்பூர்வமாக. மைய ஆடுகளத்துக்குப் பெயர் வைக்கும் தீர்மானம் அதே கூட்டத்தில் இரண்டாவதாக வர வேண்டும். அதுவும் உன் விருப்பம்தான் என்று கேள்விப்பட்டேன். நல்லது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவோம், எனக்கு ரயிலில் இரண்டு தடவை வர முழங்கால் ஒத்துழைக்காது.

கூட்ட அறிவிப்பை எல்லா உறுப்பினர்களுக்கும் முறைப்படி உன் கையெழுத்தோடு அனுப்பு. எனக்கும் ஒன்று. அந்த அழகான தாளில்.

உன் அம்மாவின் கண் தெளிந்ததா? தெளிந்திருந்தால் நான் வரும்போது என்னைப் பார்க்கச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
சித்தப்பா

*

ஜூன் 10

அன்பு அக்காவுக்கு,

அவர் சம்மதித்துவிட்டார் என்று நீ ஒரு வரியில் எழுதிய அட்டை கிடைத்தது. நாங்கள் சுகம். எனக்கு ஒரு கேள்வி. அப்பாவிடம் அந்த விதியை வாசித்துக் காட்டியவரே அவர்தானே? வாசித்தவருக்கு அது மறந்துபோகுமா?

மறந்திருந்தால் நல்லது. வயசாச்சு, பட்டம் என்றால் புத்தி மழுங்கும். ஆனாலும் சுவர் தானாக நகர்ந்து வலைக்கு வருகிறது என்றால் நான் ஒரு அடி பின்னால் நிற்பேன்.

இதை எழுதிவிட்டு நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவா என்று பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. ஜெயித்தால் போட்டோ அனுப்பு, அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி.

உன் தங்கை

*

ஜூலை 22

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைத் தவிர எதையும் கேட்காதே, நானே சொல்கிறேன்.

கூட்டம் சங்கத்தின் பெரிய அறையில். கோப்பை அலமாரியைத் துடைத்து, மின்விசிறிக்கு எண்ணெய் போட்டு, நாற்காலிகளை நானே வரிசைப்படுத்தினேன். சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். இளைத்துவிட்டார். கக்கத்தில் ஒரு கோப்பு. நான் காலைத் தொடவில்லை, கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

முதல் தீர்மானம். நான் வாசித்தேன், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கடிகாரத்தைக் கொடுத்தேன். பிரித்தார். திருப்பி, பின்னால் பொறித்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அது எந்தக் கடிகாரம் என்று. என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சி, அந்த ஒரு பார்வைக்காக நான் காத்திருந்தது வீண் இல்லை. அதோடு எழுந்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

பல் டாக்டர் தலைமை நாற்காலிக்கு மாறினார். தலைமையில் இருப்பவருக்குச் சமநிலை வந்தால்தான் வாக்கு. ஆக, எங்கள் ஆறு, அவர்கள் ஐந்து. இரண்டாவது தீர்மானம்: ஆடுகளத்துக்கு அப்பா பெயர். ஆதரித்து ஆறு கை, என் கையும் சேர்த்து. எதிர்ப்பவர்கள் என்றதும் சித்தப்பாவும் கையைத் தூக்கினார். நான் எழுந்தேன். இத்தனை வருஷம் வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சித்தப்பா, மன்னிக்கணும். பதினோராம் விதி. உங்களுக்கு ஓட்டு இல்ல."

அவர் கையை இறக்கினார். அப்பா மாதிரி மெதுவாக இல்லை, ஏதோ ஈயை ஓட்டிவிட்ட மாதிரி.

"சரிம்மா. விதின்னா விதிதான். அத முழுசா வாசி."

வாசித்தேன்.

"காது கேக்கல. இன்னொரு தடவ, சத்தமா."

சத்தமாக வாசித்தேன். வெளியே கோர்ட்டில் ஆடுகிறவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

"எப்பதவியில் இருப்பவரும்னு வருதே, அது தலைவருக்கு மட்டுமா?"

"எந்தப் பதவியா இருந்தாலும்தான்," என்றேன். என் வாயால், என் நாக்கால்.

அவர் கோப்பைத் திறந்தார். ஜனவரியிலிருந்து நான் எழுதிய கடிதங்கள், நினைவூட்டல்கள், கடைசியில் கூட்ட அறிவிப்பு. ஒவ்வொன்றாகப் பல் டாக்டர் முன்னால் சீட்டுப் பரப்புகிற மாதிரி வைத்தார்.

"டாக்டர், கையெழுத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க. எனக்குக் கண்ணும் சரியில்ல."

டாக்டர் வாயைத் திறந்தார். அவர் திறந்து நான் பார்த்த முதல் தடவை. "கௌரவச்... செயலாளர்."

"அது சும்மா வரி நிறையணும்னு போட்டது!" என்று கத்தினேன். "தேர்ந்தெடுத்தது வெறும் செயலாளராத்தான்!"

"இருக்கலாம்மா. ஆனா அடைமொழி இருக்கே. எனக்காவது நீ கொடுத்த. உனக்கு நீயே கொடுத்துக்கிட்ட," என்றார் சித்தப்பா. "அச்சடிச்சும் வச்சிருக்க."

என் பக்கத்து ஆளே களுக்கென்று சிரித்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் சொந்த அச்சகத்தில் வைத்துக்கொண்டேன். விதியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தவளே நான் என்பதால் மறுக்கவும் வழியில்லை.

ஐந்துக்கு ஐந்து. பல் டாக்டரின் வாக்கு. அவர் தொண்டையைச் செருமினார். "அண்ணன் பேர் வச்சா தம்பிக்கு வருத்தம், தம்பி பேர் வச்சா அண்ணன் மகளுக்கு வருத்தம். நமக்கு எதுக்கு குடும்பச் சண்டை? காலரிக்குப் பெயின்ட் அடிக்க எங்க ஆஸ்பத்திரி தயாரா இருக்கு. பொதுவா அந்தப் பேரையே வச்சிருவோமே?" பெரிய நாற்காலி காலி, அதில் இப்போது அவரே உட்கார்ந்திருக்கிறார். பத்துக் கையும் அவர் பக்கம் சாய்ந்தன. இரண்டு பூனைக்கு நடுவில் குரங்கு பங்கு வைத்து முடித்துவிட்டது.

நேற்று பலகை மாட்டினார்கள். அப்பா செங்கல் சலித்த இடத்துக்கு மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல், சிரித்துக்கொண்டு நிற்கிறது.

போட்டோ அனுப்பவில்லை. அம்மாவிடம் தோற்றேன் என்று மட்டும் சொன்னேன். "யாரிடம்?" என்று கேட்டாள்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள பெரியவளுக்கு,

சுகமாகத்தான் இருப்பாய், கோபத்தில் இருப்பவர்களுக்கு நோய் வராது. எனக்கு ரயிலில் கால் வீங்கி இப்போது வடிந்தது.

கடிகாரம் என் மேசைமேல் ஓடுகிறது. சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணன் ஒரு தடவைகூடச் சாவி கொடுக்கவில்லை போலிருக்கிறது, புத்தம் புதிதாக இருக்கிறது.

உன் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே தெரியும். மரியாதை என்ற சொல் நம் குடும்பத்தில் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? கையெழுத்தைப் பார்த்ததும் உன் கணக்கோடு என் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். பல் டாக்டரை மட்டும் நானும் கணக்கில் விட்டுவிட்டேன். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள், நாம் இருவருமே நினைத்தோம்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். அன்று உன் அப்பா எழுந்து போனார். அமரலாம், பேசலாம் என்று அவரே எழுதியிருந்தார். அவர் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் என் தீர்மானம் தோற்றிருக்கும். பாதிப் பேர் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைத் தாண்டியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஓட்டைப் பறித்தது நான். மற்றதை அவராகவே விட்டுவிட்டுப் போனார்.

நீ எழுந்து போகவில்லை. கூட்டம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அது உன் அம்மாவின் குணம். அதனால் கேட்கிறேன். உன் வாயும் என் மூளையும் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடலாம். என்ன சொல்கிறாய்?

ஆசீர்வாதங்களுடன்,
சித்தப்பா

*

ஆகஸ்ட் 20

சித்தப்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததில் மகிழ்ச்சி. உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். இதுவரை சம்பிரதாயத்துக்குக் கேட்டேன், இப்போது உண்மையாகவே கேட்கிறேன். நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். அப்பா பேசியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் செத்த பிறகு அவருக்குக் கொடுக்க உங்களிடம் இதுதான் இருந்திருக்கிறது. அதையும் என் மேலே எறிந்திருக்கிறீர்கள். படித்து அழுதேன். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு விதிப் புத்தகத்தை எடுத்தேன்.

பல்லைப் பிடுங்க எனக்கு உங்கள் மூளை தேவையில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டுச் சேர மாட்டேன், இந்த ஜென்மத்தில் இல்லை.

ஆனால் அமரலாம், பேசலாம். சங்கத்துக் கூட்டங்கள் மாதம் ஒன்று, போட்டிகள் வருஷம் முழுக்க. கௌரவப் பதவியில் இருப்பவர்களுக்கு முன் வரிசையில் இடம் உண்டு என்பது வழக்கம். தள்ளாதவர்களை வண்டி வைத்து அழைத்துவருவது சங்கத்தின் கடமை என்று பதினான்காம் விதி சொல்கிறது, அதுவும் அப்பா எழுதியதே. ரயில் நிலையத்துக்கு வண்டி வரும். நீங்கள் வராமல் இருந்தால், எழுந்து போய்விட்டீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். வருவீர்கள்.

இரண்டு நாற்காலிகளுக்கு அட்டை அச்சடித்து மாட்டிவிட்டேன். நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்கிறோம். முதல் கோர்ட்டின் முதல் செங்கலிலிருந்து தொடங்கி, அப்பா பரண்மேல் போட்ட கடிகாரம்வரைக்கும், ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்லப் போகிறேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒருவரும் என்னை நிறுத்த முடியாது. விதி இருக்கிறது.

என் நாற்காலியை உங்கள் வலது காதுப் பக்கம் போட்டிருக்கிறேன்.

சித்திக்கு என் அன்பு. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்